நிறுவை வரிசையில் தோள் சுழற்றிய பாக்கியம் அக்கா

தெஹியோவிட்ட டவுன் கடையில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எஹலியகொடைப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்திலிருந்து பாக்கியம் அக்காவின் மகள் ராதா பேசினாள். "அம்மா காலையில போயிட்டாங்க அத்தை. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, வண்டி வர்றதுக்குள்ள..." நான் பருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மரண வீட்டில் அழுத அளவுக்குச் சிரிக்கவும் செய்தோம். அக்காவை அறிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

நாங்கள் இருவரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்தவர்கள். ஒரு மழைக்காலக் காலையில் அக்காவின் கழுத்து பிடித்துக்கொண்டது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் லொறி திரும்புவதுபோல முழு உடம்போடும் திரும்பினார். சுளுக்கு எடுப்பவர் ஒருவர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, ஒரே திருகில் சரியாகிவிடும் என்றார். "கோழிக்குச் செய்றத எனக்குச் செய்யாதீங்க" என்று சொல்லி அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். வேடிக்கையாகப் பேசினாரே தவிர, உள்ளுக்குள் பயம்தான். கணவர் இல்லாத வீடு. ராதா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கூடை சுமக்க முடியாவிட்டால் அடுப்பு எரியாது.

டவுன் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அங்கே உடற்பயிற்சி சிகிச்சை தரும் ஒரு சிங்கள மிஸ் பயிற்சிகளைச் செய்து காட்டினார். நாடியை, அதாவது மோவாயை, உள்ளே இழுத்துப் பிடிப்பது, காதைத் தோள் பக்கம் சாய்ப்பது, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுவது, கைகளை முன்னால் கோத்து நீட்டி மேல்முதுகை விரிப்பது. அக்கா அவசரப்படும்போதெல்லாம் மிஸ் "ஹெமின், ஹெமின்" என்றார். மெதுவாக என்று பொருள். அக்கா சிங்களத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டதில், தன் வேலையைப் பறிக்க வந்தவர்போல இருக்கிறதே என்று அந்த மிஸ் சிரித்துவிட்டார்.

வலி உடனே போய்விடவில்லை. கழுத்து இளகும்வரை பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். அக்கா அங்கேயும் பயிற்சியை விடாமல் செய்தார். சில நாட்களில், சோற்றுக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை குழந்தைகளும் காதைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஏதோ நோய் என்று தாய்மார்கள் ஓடி வந்தது தனிக் கதை.

கழுத்து சரியாகி, மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு வந்த அன்றே, எங்கள் எல்லோர் கழுத்தும் அவர் பொறுப்பாகிவிட்டது. காலையில் பேர் போடும் பெரட்டுக் களத்தில் எங்களை நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பாக்கியம், இது பெரட்டா, கூத்தா?"

"கூடை எங்க தலையில தொங்குதுங்க கங்காணி. ஒங்க தலையில தொப்பிதானே?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணி சிரிக்கவில்லை. பேர் போடும் நேரத்தில் இதெல்லாம் கூடாது, வேண்டுமானால் முன்னதாக வந்து செய்யுங்கள் என்றார். மறுநாள் முன்னதாக வந்தது அக்காவும் நானும் மட்டும்தான். மற்றவர்கள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். "அவளுகள குத்தம் சொல்லாத சரசு. நேரம் இருந்தா தூங்கியிருப்பாளுக" என்றார்.

அன்று மாலை கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றோம். கூடையை இறக்கி வைத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் நேரம் அது. அக்கா திடீரென்று முன்னால் போய் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். "சும்மாதானே நிக்கிறோம்? தோளைத் தூக்குங்கடி!" ஒருத்தி தூக்கினாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் தூக்கினாள். கடைசியில் வரிசை முழுவதும் தோள் சுழன்றது. அந்த நேரத்தை யாராலும் குறைசொல்ல முடியவில்லை. மழைநாளிலும் கொட்டகைக்குள் அது நடந்தது. பல மாதங்கள் கழித்து, கழுத்தில் துண்டு சுற்றிய கங்காணியும் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். அக்கா ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. "ஹெமின், ஹெமின்" என்று மட்டும் சொன்னார்.

என் மகன் இறந்த வருடம் நான் யாரிடமும் பேசாமல் கிடந்தேன். அக்கா வந்து பின்னால் உட்கார்ந்து, என் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்தார். "இங்கதானே இறுகிக் கெடக்கு?" என்று கேட்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

பயிற்சிகளை எந்த ஆஸ்பத்திரியிலும் கற்றுக்கொள்ளலாம். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கை. யாராவது வலி என்று என்னிடம் வந்தால், நானும் பேச்சை விட்டுவிட்டு அப்படித்தான் உட்காருகிறேன்.