தார்பாய்க்கு அடியில் வைக்கோல்

பாலம் கட்டும் முகாமில் அவளுக்குக் கூடாரக்காரி என்று பெயர். கூடாரம் அடிப்பது, பிரிப்பது, கிழிந்தால் தைப்பது எல்லாம் அவள் வேலை. கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், கையில் மரச்சுத்தியல் வேறு. அவள் அடித்த முளையில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். அவள் கட்டிய கயிறு தடுக்கி விழுந்தவர்கள்கூடக் கயிற்றைத் திட்டாமல் தங்கள் காலைத் திட்டிக்கொண்டு எழுந்து போவார்கள்.

"நான் அடிச்ச கூடாரத்துல என்னைக் கேக்காம காத்துகூட நுழையாது" என்பாள். வெறும் பெருமை என்று நினைத்துவிடக் கூடாது. பெருமைதான், ஆனால் உண்மையும்கூட.

அப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள்தான் வளர்த்தாள். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளவில்லை. அதே முகாமில் வெல்டிங் வேலை செய்கிற ஒரு நல்ல பையனைப் பார்த்துத் தங்கையைக் கட்டிக் கொடுத்தாள். இப்போது தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். இறங்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு இந்த ஆத்தங்கரையில எப்படிக்கா இருக்கறது? பூச்சி பொட்டு, காத்து, குளிரு. அவரோட அண்ணன் வீட்ல இடம் இருக்காம். செங்கல் சுவரு, இரும்புக் கதவு. நாங்க அங்க போயிடறோமே?"

"கொஞ்ச நாள் இருந்து பாருடி. அப்புறம் உன் இஷ்டம்" என்றாள் அக்கா. அந்த அண்ணன் வீடு நாள் முழுக்கப் பயணம் போக வேண்டிய ஊரில் இருந்தது. போனால் போனதுதான். பாலம் முடிகிற வரைக்கும் அவளுக்கு லீவு கிடையாது. அதற்குள் குழந்தை நடந்துவிடும், பேசிவிடும், இவளைப் பார்த்தால் யாரோ என்று அழும். அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தங்கையும் குழந்தையும் தன்னோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதற்கு ஒரு நல்ல கூடாரம் போதும் என்று நம்பினாள்.

தன் வித்தை மொத்தத்தையும் அதில் இறக்கினாள். மேட்டு நிலமாகப் பார்த்தாள். புல்லைச் செதுக்கி, கல்லைப் பொறுக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எலி வளை, எறும்புப் புற்று என்று ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி, உடைந்த கண்ணாடியும் களிமண்ணும் திணித்துக் கெட்டித்தாள். ஆற்றுக் காற்று வரும் பக்கம் கூடாரத்தின் முதுகு, எதிர்ப்பக்கம் வாசல். கான்வாஸின் அடி ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட்டு, அதன் மேல் தார்பாயை விரித்து, ஓரமெல்லாம் பலகை வைத்து அழுத்தினாள். வெளிப்பக்கம் மண்ணை அணைத்து மிதித்தாள். கயிறு வழியாக எறும்பு ஏறும் என்று ஒவ்வொரு கயிற்றிலும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றினாள். கடைசியாக அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூடாரத்தைச் சுற்றி அகலமாகத் தூவினாள். அது பூச்சியைத் தடுக்க அல்ல. எது ஊர்ந்து வந்தாலும் சாம்பலில் தடம் விழும். காலையில் பல் தேய்க்கும் முன்பே குனிந்து குனிந்து அந்தச் சாம்பலைச் சுற்றிவருவாள், சிலர் காலையில் பேப்பர் படிக்கிற மாதிரி.

"இது கூடாரமா, பிஸ்கட் டப்பாவா?" என்று கேட்டார் முகாம் சமையல்காரர். "மூடிதான் குறைச்சல்."

"உங்க சமையல்கட்டு மாதிரி கரப்பான் பூச்சிக்குச் சத்திரம் கட்டச் சொல்றீங்களா?" என்றாள் இவள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, காற்று திசை மாறுகிற வரைக்கும். அதுவரை முதுகில் மோதிய காற்று இப்போது பக்கவாட்டில் தரையோடு தரையாக வந்தது. பலகைக்கு அடியில் எப்படியோ புகுந்து தார்பாயை உப்பவைத்தது. தரையின் குளிர் பாயைத் தாண்டி மேலே ஏறியது. குழந்தைக்குச் சளி பிடித்துக்கொண்டது. மூச்சு விடும்போது நெஞ்சில் கர்கர் என்று சத்தம் கேட்டது.

"இன்னிக்கு ராத்திரியும் இப்படி இருந்துச்சுன்னா நாளைக்கு நான் கிளம்பிடுவேன்கா" என்றாள் தங்கை. "கோவிச்சுக்காதே. எனக்குப் பயமா இருக்கு."

பொழுது சாய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஆற்றோரம் வைக்கோல் போர் ஒன்று உண்டு. புதிதாகப் போட்ட கான்கிரீட் காய்ந்து வெடிக்காமல் இருக்க, அதன் மேல் வைக்கோலைப் பரப்பித் தண்ணீர் தெளிப்பார்கள். அதற்காக வாங்கிக் குவித்தது. அக்கா அங்கே ஓடினாள். இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சமையல்காரர் பார்த்துவிட்டு, "உதறிப் போடுங்கம்மா. ரொம்ப நாளாக் கிடக்கற வைக்கோலு" என்றார்.

"உதறினா தளந்துடும். தளந்தா காத்து வரும். எனக்கு நீங்க கூடாரம் கத்துக் குடுக்காதீங்க" என்றாள். தலையணையைக்கூட மூன்று தடவை உதறாமல் படுக்காதவள் அவள். அன்றைக்கு அவசரமும் ஆசையும் அவள் கண்ணை மறைத்துவிட்டன. தார்பாயைத் தூக்கி, கட்டுகளைக் கட்டாகவே நெருக்கி அடுக்கி, மறுபடி மூடி, பலகை வைத்து ஏறி மிதித்தாள்.

காற்று நின்றது. தரை கதகதவென்று ஆகிவிட்டது. குழந்தை அன்று ராத்திரி அசையாமல் தூங்கியது. காலையில் தங்கை, "இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன்கா" என்றாள். கூடாரக்காரி அன்று வேலைக்குப் போகும்போது ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள். அவள் பாடி யாரும் கேட்டதே இல்லை என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் தங்கைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். பழக்கப்படி முதலில் சாம்பலைச் சுற்றிப் பார்த்தாள். காலடித் தடங்களைத் தவிர ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. வாசல் கயிற்றை அவிழ்த்துத் துணியை விலக்கிக் குனிந்தாள். உள்ளே கடைசியில் பாயில் தங்கை உட்கார்ந்து மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கும் பாய்க்கும் நடுவே தார்பாய் மெல்ல உப்பியது. உப்பியது தணிந்தது, கொஞ்சம் தள்ளி மறுபடி உப்பியது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் வைக்கோல் அடைத்த பிறகு அங்கே காற்று நுழையாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் இது காற்றில்லை.

உப்பல் ஒரு முழ நீளத்துக்கு வளைந்து, பாய் இருந்த பக்கமாக நகர்ந்தது.

"அசையாதே" என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

தங்கை நிமிர்ந்தாள். "இப்ப என்னக்கா? அசையறதுக்குக்கூட உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"அடியே, கால்மாட்டுல பாரு. கத்தாதே. புள்ளைய மேல தூக்கிக்க. காலைத் தரையில வைக்காதே, பாய் மேலயே இரு."

தங்கை பார்த்தாள். குழந்தையை மார்போடு சேர்த்துத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

கூடாரக்காரி ஒரு காலை உள்ளே எடுத்து வைக்கப் போனாள், நிறுத்திக்கொண்டாள். தார்பாயை மிதித்தால் அடியில் இருப்பது மிரளும். மிரண்டால் எங்கே போகும்? ஓரமெல்லாம் பலகை. அவள் கையால் அழுத்தி வைத்த பலகை. தார்பாய் தளர்ந்திருந்தது பாய்க்குப் பக்கத்தில், இரண்டு பலகை சேராத ஒரே ஒரு இடத்தில். அதற்கு வெளியே வர வேறு வழியே அவள் வைக்கவில்லை. முளையைப் பிடுங்கலாமா என்று நினைத்தாள். பிடுங்கினால் கூடாரம் மொத்தமும் குழந்தை மேல் விழும்.

சாப்பாட்டுத் தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். முட்டி போட்டு, கான்வாஸில் வாயை வைத்து, "நான் இந்தப் பக்கம் இருக்கேன்டி. உன் முதுகுக்கு நேரா. பயப்படாதே" என்றாள்.

"அக்கா, கிட்ட வருதுக்கா."

"வரட்டும். நீ அசையாதே."

இடுப்பில் கயிறு அறுக்கிற கத்தி இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கத்தி கயிற்றைத் தவிர எதையும் தொட்டதில்லை. கான்வாஸில் நகம் பட்டாலே சண்டைக்கு வருகிறவள், கத்தியை மேலே குத்தி, இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். இரட்டைத் தையல் போட்ட இடத்தில் கத்தி மாட்டிக்கொண்டது. அவளே போட்ட தையல். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு மொத்தத்தையும் கொடுத்து இழுத்தாள். துணி டர்ரென்று கிழிந்து வழிவிட்டது.

"புள்ளையக் குடு."

தங்கை திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். குழந்தை அக்காவின் கைக்கு வந்தது. அப்போதுதான் அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டபோது கூடாரக்காரிக்கு உயிர் பாதி திரும்பி வந்தது. குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறுகையால் தங்கையின் கக்கத்தைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மண்ணில் மல்லாந்து விழுந்தார்கள். கிழிசல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது, பாயின் ஓரத்தில் தார்பாய் விலகி, கறுப்பாக ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஒரே கூச்சல். பாலத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தங்கையின் புருஷன், அந்த வெல்டர், முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்தான். முளைகளைப் பிடுங்கினார்கள், கூடாரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள், சாம்பல் எல்லாம் பல கால்களில் மிதிபட்டுப் போயிற்று. சமையல்காரர்தான் நீளமான அடுப்புக் கம்பியால் அதை அடித்து, தூக்கிக் காட்டினார். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை.

"கட்டுவிரியன்" என்றார் மெதுவாக. "கடிச்சா தெரியக்கூடத் தெரியாது."

மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடாரக்காரி வைக்கோலைக் கிளறினாள். நடுவில் இருந்த ஒரு கட்டுக்குள், புரிக்கயிற்றில் சிக்கிக்கொண்டு, மெல்லிய பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. எப்போதோ உரித்த சட்டை. அதைக் கையில் கசக்கிக்கொண்டு அங்கேயே குந்தினாள். ராத்திரி முழுக்கக் குழந்தை கதகதப்பாகத் தூங்கியிருக்கிறது, அடியில் அதுவும் கதகதப்பாகத் தூங்கியிருக்கிறது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஊரில் சொல்வார்கள். இவள் அதைக் குழந்தையின் முதுகுக்கு அடியிலேயே விரித்திருக்கிறாள்.

சாயங்காலம் நால்வரும் சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. வெல்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "தப்பு என்மேலதான். காலையில அவசரத்துல வாசல் கயித்தைச் சரியாக் கட்டாம போயிட்டேன் போல. அந்த வழியாத்தான் வந்திருக்கும். மன்னிச்சுக்கங்க அக்கா" என்றான்.

சமையல்காரர் கூடாரக்காரியை ஒரு தடவை பார்த்தார். பிறகு டம்ளர் கழுவ எழுந்து போய்விட்டார்.

தங்கை அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "யாரு கட்டினாங்க, கட்டலைங்கறது இருக்கட்டும். எங்கக்கா இல்லைன்னா இன்னிக்கு என் புள்ளை இல்லை. நான் எங்கேயும் போகலைக்கா. செங்கல் சுவரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ இருக்கற இடம்தான் எங்களுக்குப் பாதுகாப்பு."

எந்த வார்த்தையைக் கேட்க அத்தனை பாடுபட்டாளோ, அந்த வார்த்தை தானாக வந்து மடியில் விழுந்தது. குழந்தை அவள் மடியில்தான் கிடந்தது. அவள் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. பேசாமல் இருந்தால் போதும். சமையல்காரர் வாயைத் திறக்க மாட்டார், அது அவளுக்குத் தெரியும். இனிமேல் வைக்கோலைத் தொடவே மாட்டாள், ஆயிரம் தடவை உதறுவாள், தினமும் தார்பாயைத் தூக்கிப் பார்ப்பாள். அதெல்லாம் மனசில் ஓடியது. ஆனால் நேற்றும் இதே நிச்சயம்தான் இருந்தது.

"தம்பி, நிமிந்து உக்காரு" என்றாள். "நீ கயித்தை நல்லாத்தான் கட்டியிருந்தே. நான்தானே வந்து அவுத்தேன்? சாம்பல்லயும் தடமே இல்லை. அது வெளியிலேருந்து வரலை. வைக்கோலோட நான்தான் கொண்டாந்தேன். உதறச் சொன்னாரு, உதறலை."

தங்கை தோளிலிருந்து மெல்ல விலகினாள்.

"அப்ப ராத்திரி?"

"ராத்திரி முழுக்க அடியிலதான் இருந்திருக்கு."

தங்கை குனிந்து, அக்காவின் விரலைக் குழந்தையின் கையிலிருந்து எடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில், பாலத்துக்குக் கம்பி இறக்கிய லாரி காலியாகத் திரும்பக் கிளம்பியது. வெல்டர் பெட்டியை மேலே ஏற்றினான். தங்கை குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அக்கா குழந்தையின் தலைத் துணியைக் காது மறைய இழுத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். தங்கை பாதி ஏற்றி நிறுத்தினாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் இங்கேயே இருந்திருப்பேன்கா."

"தெரியும்டி" என்றாள் கூடாரக்காரி. "அதனாலதான் சொன்னேன்."