ஒரு சட்டைக்குச் செத்த நுணா

வெந்த நுணா வேரின் வாடை ஈரமண்ணும் கசப்பும் கலந்தது. அது மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குத் தலை தானாகக் குனிந்துகொள்ளும். போன மாதம் படப்பைப் பக்கத்து அடுக்ககம் ஒன்றில் செடிச் சாய வகுப்பு நடத்தியவர்கள் என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். கடுக்காய்ச் சாயம் தோய்த்த ஜிப்பாவை மாட்டிக்கொண்டு, மரத்திடம் எதை எடுப்பதானாலும் கேட்டு எடுக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினேன், கைதட்டினார்கள். என் வாழ்நாளில் நான் சாயம் போட்டது ஒரே ஒரு சட்டைக்கு, அதற்காக ஒரு மரத்தையே கொன்றேன் என்பதைச் சொல்ல மட்டும் நேரம் போதவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆடித் திருவிழாவுக்குச் சிவப்புச் சட்டை கேட்டேன். அப்பா முறைத்ததோடு சரி. நுணா வேர்ப்பட்டையில் சிவப்பு இறங்கும் என்று பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். படிகாரம் சேர்க்க வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துப் பட்டாணி கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் நிலத்துக்கும் ராஜம்மா அத்தையின் நிலத்துக்கும் நடுவில் நின்ற நுணாவைச் சுற்றி மூன்று நாள் கடப்பாரை போட்டு, கைக்கு எட்டிய வேரையெல்லாம் உரித்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. அவளுடைய நிலம் "மஞ்சக்காணி", அதாவது கட்டிக்கொடுத்த பெண்ணின் மஞ்சள் செலவுக்கென்று பிறந்த வீட்டார் விட்டது. வாய்ச்சொல்லாக விட்டதால் பட்டா அப்பா பேரிலேயே இருந்தது. நுணாவுக்குக் கிழக்கே அவளுடையது என்பதுதான் அவள் கையில் இருந்த மொத்தப் பத்திரம்.

வேகவைத்த வேர்ச்சாற்றில் முக்கியெடுத்த வெள்ளைச் சட்டை சிவக்கவில்லை. பேதி கண்ட கன்றுக்குட்டி பக்கத்தில் படுத்து எழுந்தது போல ஒரு நிறம் வந்தது. திருவிழாவில் கூழ் ஊற்றியவர், "இன்னாடா, சாணியில உருண்டுகினு வந்தியா?" என்றார். மரம் ஆவணிக்குள் காய்ந்துபோனது. அப்பா தோலை உரிப்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு அடி கூட விழவில்லை, அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அடிமரத்தைப் பெயர்த்து அடுப்புக்குப் போட்டு, குழியைத் தூர்த்து உழுதுவிட்டார். அந்த இடத்தில் ஒரு கல்லாவது நடலாம் என்று அத்தை கேட்டதற்கு, "அண்ணன் தங்கச்சிக்குள்ள கல்லு எதுக்கும்மா?" என்றார்.

இரண்டு வருஷம் கழித்துத் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க அளக்க வந்தார்கள். உழுத மண்ணில் ஓரிடத்தில் காலை ஊன்றி நின்று, மரம் இங்கேதான் நின்றது என்றாள் அத்தை. சர்வேயர் நல்ல மனிதர், சாட்சி உண்டா என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள்.

"அவன கேளுங்க சார். அவன்தான் தோண்டனவன்."

அவள் நின்ற இடம் விரற்கடை பிசகவில்லை. அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை, வாட்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

முழு நிலமும் அப்பாவுடையதாகவே போனது. நான் காலேஜுக்குப் போனது அதற்கு வந்த பணத்தில்தான். அத்தை அந்த மண்ணின் மேல் எழும்பிய கம்பெனியின் கான்டீனில் முட்டி தேயும் வரை பாத்திரம் தேய்த்தாள்.

அப்பா இப்போது இல்லை. போன மாதம் அந்தச் சாய வகுப்பில் வாங்கிய கைதட்டல் உறுத்தவே, அது முடிந்ததும் பிள்ளைப்பாக்கத்தில் மகனோடு இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். வழியில் கம்பெனி கேட் வழியாக எட்டிப் பார்த்தேன். நுணா நின்ற இடம் கார் நிறுத்துமிடமாகியிருக்கிறது; எந்தக் காருக்கு எதுவரை என்று, மழைக்கும் அழியாத மஞ்சளில் கோடு போட்டிருக்கிறார்கள்.

அத்தை அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அளக்க வந்த அன்றைக்கு எனக்கு இடம் தெரியும் என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டா. அன்னிக்கே தெரியும்" என்றாள். அடுத்த காயை எடுத்துக்கொண்டே, "அந்தச் சட்டய உங்கம்மா அடுப்புத் துணிக்குன்னு என்கிட்டதான் குடுத்தா. ஒரே அலசுதான் அலசினேன், வெள்ளையா பூடுச்சி."