கதவுப் பக்கம், கண்ணாடிப் பக்கம்

வலது கட்டைவிரல் கொக்கியை அழுத்தியிருந்தது. இடது உள்ளங்கை, கம்பிகள் செருகும் மாட்யூலின் அடியைத் தாங்கியிருந்தது. இரும்புப் பெட்டியின் முதுகில் இருந்த பொந்துக்குள் அதை மெல்லத் தள்ளினாள். பாதி வழியில் ஒரு சின்ன முரண்டு. நூலளவு பின்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி தள்ளினாள். டக்கென்று உட்கார்ந்தது.

"உக்காந்துடுச்சா அக்கா?" பெட்டியின் முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"உக்காந்தாச்சு சார். விளக்கு என்ன சொல்லுது?"

"பச்சை. உங்க கை பட்டா பச்சைதானே!"

குரலுக்கு உரியவர் திரைக்காரர். கணினித் திரையில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுப்பது அவர் வேலை. பெட்டிகளின் பின்பக்கம் இவள் வேலை. அதனால் அலுவலகத்தில் இவளுக்கு முதுகுக்காரி என்று பெயர். முதலில் கேலியாக வைத்தார்கள். இப்போது மேலதிகாரியே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவள் அந்த அலுவலகத்துக்கு வந்தது துடைப்பத்தோடு. பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், துடைப்பக் கட்டை ஒரு கம்பியை இடித்துப் பிடுங்கிவிட, மூன்று தளங்களில் வேலை நின்றுபோனது. எந்தக் கம்பி என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் மட்டும் தொங்கிய நுனியைப் பிடித்து, மறுமுனை வரைக்கும் விரலாலேயே தொடர்ந்து போய், அது எந்தக் கம்பி என்று கண்டுபிடித்து, பழைய இடத்திலேயே குத்தினாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது. நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஒவ்வொரு பெட்டியின் முதுகையும் வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள்.

"பிளேடு பிளேடுங்கறீங்களே அண்ணி, யாருக்குச் சவரம்?" என்று நாத்தனார் கேட்டபோது அவள் விளக்கினாள். பெட்டியின் முன்பக்கம் புத்தகம் அடுக்கினாற்போலப் பதினாறு கணினிகள்; அந்தப் பலகை ஒவ்வொன்றும் ஒரு பிளேடு. எதற்கும் தனியாகக் கம்பி கிடையாது. எல்லாம் பின்னால் உள்ள மாட்யூல்கள் வழியாகத்தான் வெளியுலகத்தோடு பேச வேண்டும்.

"அப்ப பதினாறு குடித்தனத்துக்கும் தெருவாசல் பின்னாலதானா?"

"ஆமா. ரெண்டு வாசல். ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு வழியா ஆள் போய் வரணும்."

இன்றைய பெட்டி ஒரு மருத்துவமனைக்கு, அங்கேயே ஒரு புது அறையில். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்ற பதிவெல்லாம் நான்கு மணிக்கு இதற்குக் குடிவரும். பழைய இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். ஒப்படைப்புத் தாளில் முதன்முறையாக அவள் கையெழுத்து. "இது சரியா முடிஞ்சா அடுத்த கட்டடத்துப் பன்னிரண்டு பெட்டியும் உங்க பொறுப்பு. சொதப்பினா என்னால வாதாட முடியாது" என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

மணி இரண்டு. முதல் மாட்யூலின் வெளிப்புறக் கம்பியை உருவினாள். திரையில், பிளேடுகள் வெளியே பேசுவதைக் காட்டும் சோதனைப் பதிவு நிற்காமல் ஓடியது. அதைக் குத்திவிட்டு இரண்டாவதை உருவினாள். ஓடியது.

"அவ்வளவுதான் அக்கா, கையெழுத்தப் போடுங்க. வயிறு கத்துது."

"இன்னும் கம்பியோட அந்த முனை இருக்கே சார்."

பெட்டி வரிசையின் இரு கோடிகளிலும், வெளியுலகத்துக்குக் கம்பி போகும் இணைப்புப் பெட்டி ஒவ்வொன்று நின்றது. இரண்டு மாட்யூல்களின் கம்பிகளும் தலைக்கு மேலே தொங்கும் மேல்தட்டு வழியாக ஓடி, பெட்டிக்கு ஒன்றாக அவற்றில் சேர வேண்டும். இன்னும் யாரும் குடிவராத அறை; நான்கு மணி வரைக்கும் எதை அணைத்தாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. கதவோரப் பெட்டியை அணைத்தாள். பதிவு ஓடியது. அதை எழுப்பிவிட்டு, கண்ணாடித் தடுப்போரப் பெட்டியை அணைத்தாள்.

பதிவு நின்றது. பதினாறு பிளேடுகளும் ஊமையாகிவிட்டன.

"என்ன பண்ணீங்க?" திரைக்காரர் எழுந்தே விட்டார்.

அவள் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். முதல் கம்பியைத் தொட்டபடி போனாள்: கண்ணாடிப் பக்கம். இரண்டாவதையும் தொட்டபடி போனாள். அதுவும் கண்ணாடிப் பக்கம். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே நாற்பது கம்பிகள் மொய்த்துக் கிடந்ததில் கண்ணில் படவில்லை.

கம்பிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். இரண்டும் அவள் கையெழுத்து. முதலாவதில் 'இடது பெட்டி'. திங்களன்று பெட்டியின் பின்னால் நின்று எழுதியது. இரண்டாவதில் 'வலது பெட்டி'. செவ்வாயன்று பின்பக்கத்தில் ஏசிக்காரர் ஏணி போட்டிருந்ததால், முன்னால் நின்று எழுதியது. பின்னால் நிற்பவளுக்கு இடது எதுவோ, அதுவேதான் முன்னால் நிற்பவளுக்கு வலது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

நாத்தனார் தையல்காரி. ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போதெல்லாம், "கொக்கி இடது பக்கம்னா யாரோட இடது? போட்டுக்கறவங்களோடதா, தைக்கிற என்னோடதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பாள். அதைக் கேட்டு எத்தனை முறை சிரித்திருக்கிறாள்!

"அக்கா," திரைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. நாலு மணிக்குக் கொடுத்துடுவோம். அடுத்த வாரம் வந்து சத்தமில்லாம மாத்திக்கலாம்."

"அடுத்த வாரம் உள்ள ஆளுங்க மருந்து எழுதிட்டு இருப்பாங்க. அப்ப எப்படி அணைச்சுப் பாக்கறது?" அவள் போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டாள். "சார், தப்பு நடந்திருக்கு. நான் பண்ணின தப்புதான். ரெண்டு கம்பியும் ஒரே பெட்டிக்குப் போகுது. புதுசா ஒண்ணு இழுக்கறேன்."

மேலதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார்: "நாலுக்கு முடியுமா?"

"முடிச்சுடறேன்."

திரைக்காரர் பெருமூச்சு விட்டுச் சட்டைக்கையை மடித்தார். "ஏணியப் பிடிச்சுக்கறேன். என் வயித்துச் சாபம் உங்களச் சும்மா விடாது."

கதவுப் பக்கத்துக்குப் பழைய கம்பி எட்டவில்லை. நீளமான புதுக் கம்பியைச் சுருள் பிரித்து, எங்கேயும் மடங்காமல், மேல்தட்டில் முழம் முழமாகப் படுக்கவைத்தாள். பழைய சீட்டுகள் இரண்டையும் கிழித்தாள். புதிதாக எழுதினாள்: 'கதவுப் பக்கம்', 'கண்ணாடிப் பக்கம்'. எங்கே நின்று பார்த்தாலும் கதவு கதவுதான்.

நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பெரிய சிஸ்டர் வந்தார். மருத்துவமனையின் தலைமைச் செவிலி. பதிவுகளுக்குப் பொறுப்பு அவர்தான். பின்னாலேயே மேலதிகாரியும் வந்து, சுவரோரம் நின்றுகொண்டார்.

"எனக்கு இந்த விளக்கெல்லாம் புரியாதும்மா," என்றார் சிஸ்டர். "நம்பலாமா? அத மட்டும் சொல்லு."

"நான் சொல்ல வேண்டாம் சிஸ்டர். நீங்களே அணைச்சுப் பாருங்க."

"நானா?"

"அந்தக் கண்ணாடிப் பக்கத்துப் பெட்டிய."

சிஸ்டர் தயங்கித் தயங்கி விசையை அழுத்தினார். இரைச்சலில் ஒரு பகுதி அடங்கியது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். சோதனைப் பதிவு வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் அந்தப் பெட்டியை எழுப்பிவிட்டு, யாரும் சொல்லாமலேயே மறுகோடிக்கு நடந்து கதவுப் பக்கத்துப் பெட்டியையும் அணைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டே இருந்தது.

"பிழைச்சுக்கும்," என்றார் சிஸ்டர், நாடி பார்த்தவர்போல.

சுவரோரத்தில் மேலதிகாரி தன் குறிப்பேட்டைத் திறந்தார். "முதுகுக்காரி, அந்தப் பன்னிரண்டு பெட்டிக்கும் இதே மாதிரிதானே சீட்டு எழுதப் போறீங்க?"

"முதல்ல அங்க கதவு எங்க இருக்குன்னு பாக்கணும் சார்."

ஒப்படைப்புத் தாளின் அடியில் நிதானமாகக் கையெழுத்திட்டாள். அறையின் சாவியை அதன்மேல் வைத்து, இரண்டு கைகளாலும் சிஸ்டரிடம் நீட்டினாள்.