தபால் வண்டி டெண்டர்

மனைவி இறந்த பன்னிரண்டாம் நாள் தபால் வண்டிக்கு டெண்டர் அறிவித்தார்கள். தேனியிலிருந்து கம்பம் வரை, வழியிலுள்ள தபால் ஆபீஸ்களில் மூட்டை இறக்கிக்கொண்டே போகும் ஓட்டம். ஒன்பது வருஷமாக என் வேன்தான் ஓடியது. தபாலுக்குத் தீட்டு கிடையாது, நான்காம் நாளே வண்டி எடுத்துவிட்டேன். அழுகை வரவில்லை, பசிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கைகால் தானாக வேலை செய்தது. இந்த ஓட்டமும் போனால் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

வழக்கமாக டெண்டருக்கு முன்னால் மற்ற வேன்காரர்கள் நாலு பேர் வீட்டுக்கும் போய், எவ்வளவு போடப்போகிறார்கள் என்று நூல் விட்டுப் பார்ப்பேன். இந்தத் தடவை முடியாது. துக்க வீட்டுக்காரன் முப்பதாம் நாள் கும்பிடும்வரை அடுத்தவர் வாசல் ஏறுவதில்லை. போனில் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அவள் அடுத்த டெண்டருக்குக் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள். "கிலோமீட்டருக்கு இருபத்திரெண்டு ரூவா. அதுக்குக் கீழ எறங்காதீக. டயர் மாத்தக்கூடக் காணாது."

பயத்தில் நான் பதினேழு போட்டேன். டெண்டரை ஆன்லைனில் ஏற்றிய கம்ப்யூட்டர் சென்டர் பெண் விரலை நிறுத்திவிட்டு, "பதினேழேதானாண்ணே?" என்று கேட்டது. தலையை ஆட்டினேன்.

முடிவையும் அந்தப் பெண்தான் பார்த்துச் சொன்னது. "ஒங்களுக்குத்தாண்ணே வந்திருக்கு. ஒங்களத் தவிர யாருமே போடல."

முப்பதுக்கு வந்திருந்த சின்னமனூர் வேன்காரரிடம் ஏன் யாரும் போடவில்லை என்று கேட்டேன். நாலு பேரில் மூத்தவர் அவர்.

"துக்க வீட்டோட போட்டி போடலாமாப்பா? நாலு பேரும் பேசி ஒதுங்கிக்கிட்டோம். நீ இன்னும் அதிகமாக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாக."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா, செஞ்சதச் சொல்லிக் காட்டுன மாதிரி ஆகிப்போகாதா?"

கோபம் வரவில்லை. நன்றியும் வரவில்லை. அவரைப் பந்தியில் உட்கார வைத்து நானே குழம்பு ஊற்றினேன்.

எல்லோரும் போன பிறகு அவள் படத்தின் முன்னால் நின்றேன். வெட்கமாக இருந்தது. அந்த ஒரு மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது அப்போதுதான். "டெண்டர் நமக்கே கெடைச்சிருச்சு" என்றேன். எவ்வளவுக்கு என்று சொல்லவில்லை.