மோட்டாருக்குப் பொருத்தம் பார்ப்பவர்

"வெறும் வயித்துல கிளம்பணுமா, நிறைஞ்ச வயித்துல கிளம்பணுமா?" என்று கேட்டபடியே ஒரு பழைய மோட்டாரின் தண்டைக் கட்டைவிரலால் சுழற்றிப் பார்க்கிறார் கடைக்காரர். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் தச்சர் திருதிருவென விழிக்கிறார். அவர் வந்தது ரம்பத்துக்கு ஒரு மோட்டார் வாங்க. ரம்பம் சுற்றத் தொடங்கிய பிறகு மரத்தைக் கொடுப்பீர்களா, பல்லில் மரம் இருக்கும்போதே போடுவீர்களா, பட்டறையில் சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவீர்கள் என்று, பெண் கொடுக்கப் போகிறவர் மாதிரி துருவித் துருவி விசாரித்த பிறகுதான் கடைக்காரர் சரக்கைக் கண்ணில் காட்டுவார். தெருவில் அவருக்குத் தரகர் என்று பெயர்.

கடை ஓர் அறைதான். கால் வைக்கிற இடமெல்லாம் மோட்டார். கோடியில் அவர் மனைவி உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றுவார். அவர் சுற்று எண்ணும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அதை மீறுகிற ஒரே ஆள் சட்டம் போட்ட தரகர்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "இங்க வச்சது எங்க?" என்று கேட்பார். எண்ணிக்கை போகும். அப்புறம் அரை மணி நேரத்துக்கு மனைவி பக்கம் யாரும் போகாமல் இருப்பது நல்லது.

"எல்லாம் ஒரே இனந்தாங்க. வெளிய காந்தம் சுத்துது, உள்ள இருக்கறது அதைத் துரத்திட்டு ஓடுது. ஆனா கிளம்புறதுலதான் குணம் தெரியும்" என்பார். குணம் என்று வந்துவிட்டால் அவருக்கு மனிதர்களும் மோட்டார்தான். மனைவி த்ரீ ஃபேஸ். யாரும் தள்ள வேண்டாம், தானே கிளம்பிவிடும். மாமியார் ஸ்லிப் ரிங். பாறை உடைக்கும் இயந்திரத்தில் மாட்டுவது, எவ்வளவு பாரமானாலும் நிதானமாகத் தூக்கும், ஆனால் அடிக்கடி கவனிக்காவிட்டால் பொறி பறக்கும். தன்னைச் சின்ன மேசை விசிறிக்குள் இருக்கும் மோட்டார் என்று சொல்லிக்கொள்வார். பலம் கிடையாது, ஆனால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். கடையில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

இந்த வேடிக்கைதான் அவருக்கு ஒரு நாள் வினையாக முடிந்தது. தங்கை வீட்டில் ஒரு விருந்து. சாப்பாட்டு மேசையில் நாலு பேர் நடுவில், தங்கையின் கணவரைப் பற்றி யாரோ கேட்க, இவர் குஷியாகச் சொல்லிவைத்தார்: "மாப்பிள்ளை கெபாசிட்டர் போன சிங்கிள் ஃபேஸ். உர்ருன்னு உட்கார்ந்திருப்பார். கையால தள்ளிவிட்டாத்தான் சுத்துவார், அதுவும் எந்தப் பக்கம் தள்ளுறோமோ அந்தப் பக்கம்." எல்லாரும் சிரித்தார்கள். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அதன் பிறகு இரண்டு வருஷம் அவள் அண்ணனோடு பேசவில்லை. விசேஷம், விசாரிப்பு எல்லாம் அண்ணியோடு தொலைபேசியில். மணி அடித்தால் இவர் ஒரு மோட்டாரைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு, அதைத் துடைக்கிற சாக்கில் ஒட்டுக்கேட்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

போன வாரம் அந்த மணி அடித்தது. தங்கையும் கணவரும் நடத்தும் ரொட்டிக் கடையில் மாவு பிசையும் இயந்திரம் உறுமுகிறதாம், சுற்றவில்லையாம். அண்ணி சொல்லி முடிப்பதற்குள் தரகர் பையோடு தெருவில் இருந்தார்.

அங்கே தங்கை மேசையில் மலைபோலக் கிடந்த மாவைக் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "வந்தவங்களுக்கு சுவிட்சைக் காட்டுங்க" என்று கணவரிடம் சொன்னாள். தரகர் ஒரு முறை போட்டுப் பார்த்தார். உர்ரென்றது. கெபாசிட்டர் போச்சு என்று அறிவித்து, புதியதை மாட்டினார். உர்ர். அதுவும் மோசம் என்று இன்னொன்று. உர்ர். நெற்றிக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்குக்கு வந்துவிட்டது. ஊரையே கேள்வி கேட்டுக் குடைகிற மனிதர் இந்த இடத்தில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்புதான்.

மாப்பிள்ளை கடைசியில் தொண்டையைச் செருமினார். "நிறுத்தும்போது பின்னாடி டிக்குனு ஒரு சத்தம் வரும். நேத்து நிறுத்தினப்ப அது வரல. சொல்லலாம்னுதான் பார்த்தேன், நீங்க கேக்கல."

தரகர் கையிலிருந்த கெபாசிட்டரைக் கீழே வைத்தார். இந்த வகை மோட்டாரின் முதுகில் ஒரு சுவிட்ச் உண்டு. வேகம் பிடித்ததும் கிளப்பிவிடுகிற கம்பிச் சுற்றை அது கழற்றிவிடும். நின்றதும் டிக்கென்று திரும்ப வந்து ஒட்டும். ஒட்டாவிட்டால் எத்தனை கெபாசிட்டர் மாற்றினாலும் உறுமல்தான். பின் மூடியைத் திறந்தார். உள்ளே மாவு அப்பி, சுவிட்ச் அசையாமல் சிக்கிக் கிடந்தது. பழைய கெபாசிட்டரைச் சோதித்தால் அது பழுதில்லாமல் குண்டுக்கல்லாக இருந்தது.

தூரிகையால் சுத்தம் செய்து மூடிவிட்டுப் போட்டபோது, இயந்திரம் ஒரே மூச்சில் கிளம்பியது. நிறுத்தினார். டிக். இன்னொரு தடவை போட்டு நிறுத்தினார். டிக்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றார் தரகர். "நாலு பேர் முன்னாடி பேசினேன். அவங்களைக் கூப்பிடுங்க, அவங்க முன்னாடியும் சொல்றேன்."

மாப்பிள்ளை மாவு மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். தங்கை மேசையை விட்டு வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரை இரண்டு கையிலும் மாவு. முகத்தைத் திருப்பாமலே முழங்கையை மடக்கி, அவர் விலாவில் நன்றாக வலிக்கும்படி ஓர் இடி இடித்தாள்.