வராதவளின் கூறு

செய்தி ஒரு படமாக வந்தது. காலை ஏழரை மணிக்குச் சாரம் பகுதியில் என் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது அலுவலக வாட்ஸாப் குழுவில் அதைப் போட்டிருந்தார்கள். லூர்துமேரி அக்காவின் முகம், சுற்றிலும் ஊதாப் பூக்கள், மேலே எங்கள் அறக்கட்டளையின் பெரிய சின்னம். கீழே, "புதிய வளர்ச்சி மாதிரியின் தூண் சாய்ந்தது" என்று ஒரு வரி. முந்தைய நாள் மாலை, ரெட்டியார்பாளையம் வீட்டில், மாரடைப்பு என்பதை அவருடைய தங்கைக்குப் போன் செய்துதான் தெரிந்துகொண்டேன். சின்னத்துக்கு விட்ட இடத்தில் கொஞ்சம் குறைத்திருந்தால் அந்த விவரத்தையும் போட்டிருக்கலாம்.

அந்தப் புகைப்படத்தை எடுத்தவள் நான். முழங்கைக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். வெட்டிய பகுதியில் என்ன இருந்தது என்று அக்காவை அறிந்த உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

அக்கா பொருளாதாரம் படித்தவர் அல்லர். பல வருடங்கள் ஒப்பந்த ஊழியராகச் சந்தை சந்தையாகப் போய், கத்தரிக்காய் என்ன விலை, கானாங்கெளுத்தி என்ன விலை என்று குறித்து அரசு அலுவலகத்தில் கொடுத்தவர். பிறகு எங்கள் அறக்கட்டளையில் களப்பணியாளராகச் சேர்ந்தார். நான் அங்கே கடிதங்களும் அறிக்கைகளும் தட்டச்சு செய்பவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சேர்ந்து ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எட்டாம் நாள் அக்கா தன் டப்பாவோடு வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். "இன்னா சுதா, டிகிரி வாங்கசொல்ல நாக்க அங்கயே குடுத்துட்டு வந்துட்டியா?" நான் சிரித்தேன். "பரவால்ல. பேசாதவங்க நல்லா பாப்பாங்க. எனக்குப் பாக்குற ஆளுதான் வேணும்" என்றார்.

பார்ப்பதற்காக என்னை வைத்திக்குப்பத்துக்கு அழைத்துப்போனார். விடிந்தும் விடியாத நேரம். படகிலிருந்து இறங்கும் மீனைத் தனித்தனியாக ஏலம் எடுக்க வசதியில்லாத பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குவியலை எடுத்தார்கள். மணலில் பாலித்தீன் விரித்துப் பத்துக் கூறாகப் பிரித்தார்கள். அன்று வந்திருந்தவர்கள் ஒன்பது பேர்தான். ஒருத்திக்குக் காய்ச்சல். முதலில் அவளுடைய கூறைத்தான் எடுத்து ஓரமாக வைத்தார்கள். அதைத் தன் கூறோடு சேர்த்து விற்றுக் காசைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருத்தி ஒப்புக்கொண்டாள். அவர்களுக்குத் தலைவி போல இருந்த அஞ்சலையிடம், "வராதவங்களுக்கு எதுக்கு மொதல்ல எடுக்கறீங்க?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அன்று வந்த ஒரே கேள்வி.

"வந்தவளுக்குக் கை காலு இருக்குது. வராதவளுக்குத்தான் வேணும்" என்றார் அஞ்சலை. "மீந்தத குடுத்தா அது கூறு இல்லம்மா, பிச்ச."

அக்கா என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ" என்றார்.

அவருடைய யோசனை முழுவதும் அந்த மணலில் இருந்தது. இப்படிச் சேர்ந்து வாங்கும் குழுவுக்கு, வீட்டுப் பத்திரம் கேட்காமல், ஒரு கூட்டுறவு வங்கி விடியற்காலைக் கடன் கொடுக்க வேண்டும். பத்தில் ஒருத்தி படுத்துவிட்டால் அவள் கந்துவட்டிக்காரனிடம் போகாதபடி வராதவளின் கூறு காப்பாற்றும். ஒருத்தியும் கீழே விழாமல் பத்துப் பேரும் சேர்ந்து ஏறுவதுதான் வளர்ச்சி என்பார். ஒரு வருடம் வைத்திக்குப்பத்தில் சோதித்துப் பார்க்க மத்திய வங்கியின் அனுமதியும் ஆதரவும் தேவை. அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். எங்கள் இயக்குநர் படித்துப் பார்த்து, "புதிய பொருளாதார வளர்ச்சி மாதிரி" என்று தலைப்பு வைத்தார். "பேரு வெச்சிட்டாங்க, இனிமே சோறு ஊட்டுவாங்களான்னு பாப்போம்" என்றார் அக்கா.

மத்திய வங்கியிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும் இயக்குநர் ஏற்பாடுகளைத் தொடங்கினார். விடியற்காலையில் அதிகாரியை எழுப்ப முடியாது என்று ஏலத்தைப் பதினொரு மணிக்கு மாற்றினார். ஷாமியானா போட்டார். கருவாடு காயவைத்திருந்த பாய்களைச் சுருட்டச் சொன்னார். பெண்களுக்கு ஒரே மாதிரி நீலப் புடவை. அந்த நேரத்தில் படகு ஏது? கடையிலிருந்து ஐஸ் மீன் வாங்கிவந்து கொட்டினார்கள். "செத்த மீன இன்னொரு தரம் சாவடிக்கிறாங்க" என்று அஞ்சலை சொல்ல, நீலப் புடவைகள் எல்லாம் குலுங்கிச் சிரித்தன.

ஆனால் கூறு போட உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது. நாடகத்துக்குப் போட்டாலும் கூறு கூறுதான் அவர்களுக்கு. பத்துப் பேரில் ஒருத்தியான கஸ்தூரி அன்று வரவில்லை. கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்கென்று நல்ல சங்கரா மீனாகப் பார்த்து முதலில் எடுத்து வைத்தார்கள். தனியாக இருந்த அந்தக் கூறைக் காட்டி, "இது யாருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

"உங்களுக்குத்தான் சார். எங்க ஊரு மரியாதை" என்றார் இயக்குநர்.

அதிகாரி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மீன் பையில் ஏறி, கார் டிக்கியில் ஏறியது. அக்கா மணலில் நடந்துபோனார். அவசரமே இல்லை. டிக்கியைத் திறந்து பையை எடுத்தார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இது கஸ்தூரியோடது. அவ ஆஸ்பத்திரில இருக்கா." அப்போதுதான் நான் அந்தப் படத்தை எடுத்தேன். அதிகாரி தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். "எங்க லூர்து கொஞ்சம் எமோஷனல் சார்" என்று இயக்குநர் சிரித்தார்.

மறுநாளிலிருந்து அக்காவுக்குக் களவேலை இல்லை. பழைய ரிஜிஸ்டர்கள் அடுக்கிய அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். சில வாரங்களில் மத்திய வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு விளக்கம்தான் கேட்டிருந்தார்கள். வராத உறுப்பினரின் பங்கு எப்படி முடிவாகிறது, எத்தனை நாளைக்கு? அக்கா ஒன்றரைப் பக்கம் கையால் எழுதித் தந்தார். இயக்குநர் அதை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "சென்டிமென்ட் எல்லாம் பேங்க்காரங்களுக்குப் புரியாது. அந்தப் பகுதியவே எடுத்துடும்மா. பீச்சுல டூரிஸ்ட்டுக்கு மீன் ஸ்டால்னு போடு."

நான் எடுத்தேன். திட்ட அறிக்கையின் நான்காம் பக்கம். தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்த ஒரு நொடிகூட ஆகவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். மாதக் கடைசியில் சம்பளத்துக்காகக் காத்திருக்கும் வீடு எனக்கு இருந்தது. அதைச் சொல்லி என்னை மன்னிக்கக் கேட்கவில்லை.

மத்திய வங்கி மறுபடியும் எழுதியது. அந்தப் பங்கு இல்லாமல் இந்தத் திட்டத்தில் புதியது எதுவும் இல்லை, உரிய விளக்கத்தோடு திரும்ப அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று. இயக்குநர் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, மத்திய வங்கி மறுத்துவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னார். அன்று மதியம் படிக்கட்டில், அனுப்பிய நகலைப் பார்த்துவிட்டிருந்த அக்கா கேட்டார்.

"அந்தப் பக்கத்த நீதான் எடுத்தியா?"

"ஆமாக்கா."

சாப்பாட்டைப் பிசைந்தபடி, "மத்ததெல்லாம் நல்லா நீட்டா அடிச்சிருப்ப" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு வழக்கம்போலத் தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டை என் சோற்றில் வைத்தார். திரும்ப அனுப்பலாம் என்ற கடைசி வரியை நான் அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேரே இயக்குநரின் அறைக்குப் போயிருப்பார். யார் சொன்னது என்ற கேள்வி வந்திருக்கும். அக்கா அது தெரியாமலே போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலின் ஏசி ஹாலில் வைத்தார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "எங்கள் மாதிரி" என்று பலமுறை சொன்னார். அக்கா பெயரில் ஒரு விருது அறிவித்தார். நீலப் புடவை கட்டி வரச்சொல்லி அழைத்திருந்த பெண்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, படம் எடுக்க மட்டும் முன்னால் கூப்பிட்டார்கள். பல்குத்தும் குச்சி செருகிய மீன் கட்லெட் தட்டு தட்டாகச் சுற்றியது. அஞ்சலை என் காதருகே, "இவங்க பேசறத கேட்டா லூர்து இவங்க வூட்டுலயே சோறு தின்னு வளந்தவ மாதிரி இருக்குது" என்றார். கட்லெட்டை ஒரு வாய் கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தார். "மீனே இல்லடி இதுல. உருளக்கெழங்கு."

நான் படிக்க வேண்டிய புகழுரை, இயக்குநர் எழுதி நானே தட்டச்சு செய்தது, கையில் இருந்தது. மைக் முன் நின்றேன். அதையும் படிக்கவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக் கைதட்டினார்கள். துக்கம் இல்லை அது. அருவருப்பு. அதில் பாதி என்மேல்.

மறுநாள் விடியலில் வைத்திக்குப்பம் போனேன். அக்கா கையால் எழுதிய ஒன்றரைப் பக்கம் என்னிடம்தான் இருந்தது. பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, வங்கி எழுதிய கடைசி வரியை முதலில் சொன்னேன், பிறகு அக்கா எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். வாழ்க்கையில் பத்துப் பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல்முறை. "எத்தனை நாளைக்கு" என்ற கேள்விக்கு அக்கா எழுதியிருந்தது ஒரே வரி: "அவள் எழுந்து வரும் வரைக்கும்." தேறி வந்திருந்த கஸ்தூரிதான் முதலில் கையெழுத்துப் போட்டாள். பத்துக் கையெழுத்தோடும் வெட்டாத அந்தப் படத்தோடும் அன்றே பதிவுத் தபாலில் மத்திய வங்கிக்கு அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது எனக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியவில்லை.

அன்று பதினொரு கூறு போட்டார்கள். முதலில் எடுத்ததை அஞ்சலை ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "லூர்துவோடது. அவ தங்கச்சிகிட்ட குடுத்துடு." ரெட்டியார்பாளையத்துக்குப் பஸ்ஸில் நின்றபடியே போனேன். பை சொட்டியது. கண்டக்டர், "கீழ வெச்சிடும்மா" என்றார். "இது வேறொருத்தரோடது" என்று சொல்லிவிட்டு வைக்கவில்லை. படத்திலிருந்து அவர்கள் வெட்டியெறிந்த கை கஸ்தூரியின் பையை எப்படிப் பிடித்திருந்ததென்று எனக்கு நன்றாகத் தெரியும். பையின் வாயை இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்போடு ஒட்டி, யாரும் வாங்கிவிட முடியாதபடி. அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பிடி.