கிணற்று வழக்குக்குச் சேர்த்த போத்தல்கள்

அறுபதுகளின் நடுப்பகுதியில் நான் வேலணைத் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்குக் கொழும்பில் உத்தியோகம். வீட்டில் நானும் அவருடைய அம்மாவான மாமியும் மட்டும்தான்.

அந்த மாரியில் எங்கள் கிணற்றின் உட்கட்டு ஒரு பக்கம் சரிந்து விழுந்துவிட்டது. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஒரு கொந்திராத்துக்காரரைப் பிடித்தோம். பெரிய பெரிய கட்டடங்கள் கட்டிப் பேர் எடுத்தவர். 'கிணற்றைத் திருத்தித் தருவது' என்று ஒரு தாளில் எழுதி அவரும் நானும் கையெழுத்து வைத்தோம். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு கலியாணத்துக்காக நாங்கள் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. ஒரு கிழமை கழித்துத் திரும்பிவந்தால் கட்டு வடிவாகக் கட்டி முடிந்திருந்தது. கூடவே, யாரும் கேட்காமல், அடிப்பாறையையும் மூன்றடி வெட்டி ஆழமாக்கியிருந்தார்.

“இனிக் கோடையிலையும் உங்களுக்குத் தண்ணிக் கஷ்டம் வராது, ரீச்சர்” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் நன்றி சொன்னேன்.

சித்திரையில் பருப்பு அவிய மறுத்தது. சவர்க்காரம் நுரைக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் மாமி தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பிள்ளை, கிணத்துக்குள்ளை கடல் வந்திட்டுது.”

ஆள் அனுப்பிக் கொந்திராத்துக்காரரைக் கூப்பிட்டோம். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். “உப்பு நான் போட்டதோ? தீவுத் தண்ணி எண்டால் அப்பிடித்தானே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீரை முப்பது வருடம் குடித்தவர் மாமி. வழக்குப் போடுவதற்கு அவருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

இரண்டு பேரும் பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போய், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் கந்தோர் வைத்திருந்த பிறக்கிராசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வயதான சட்டத்தரணி அவர். தாளை இரண்டு தரம் வாசித்தார்.

“திருத்தித் தருவது எண்டு எழுதியிருக்கு. ஆழமாக்கினதும் திருத்தம்தான் எண்டு அவர் சொல்லுவார். அது கிடக்கட்டும். தண்ணி சவர், உப்புக் கரிக்குது எண்டு நீர் சொல்லுறீர், அவர் இல்லையெண்டுவார். நீதிபதி என்ன, குடிச்சுப் பாப்பாரோ?”

“நான் வந்து சொல்லுறன்” என்றார் மாமி.

பிறக்கிராசியார் அவரைப் பார்த்தார். பிறகு கிளார்க்கைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் மூன்று தம்ளரில் தண்ணீர் வந்தது. மாமி ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடித்தார்.

“இது சவர். இது மழைத்தண்ணி. இது ரண்டையும் கலந்தது. என்னைச் சோதிக்கிறீங்களோ?”

கிளார்க் சிரிப்பை அடக்க வெளியே போனார். மாமி முதலாம் சாட்சியானார். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஒவ்வொரு நாளும் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, திகதி எழுதி ஒட்டி வைக்கவேண்டும்.

அங்கேதான் எனக்குப் பிசகியது. காலையில் பிடித்த தண்ணீரை வாயில் விட்டால் அவ்வளவு சவர் தெரியவில்லை. வாழைக்கு இறைத்து முடிந்தபின் பின்னேரம் பிடித்ததோ வாயில் வைக்க ஏலாது. ஒரே கிணறு, ஒரே நாள். ஏன்? பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் அதே யோசனைதான்.

ஒரு சனிக்கிழமை காலை, கழுத்தில் கல் கட்டிய போத்தலொன்றைத் தும்பால் அடைத்து, அடைப்புக்குத் தனியாக ஒரு கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். அடியில் தட்டியதும் கயிற்றை இழுத்து அடைப்பைக் கழற்றினேன். குமிழி குமிழியாக மேலே வந்தது. வெளியே எடுத்து ஒரு மிடறு வாயில் விட்டு உடனே துப்பினேன். கடலேதான். மேலே மிதந்த தண்ணீர் நல்ல தண்ணீர். இறைக்க இறைக்கத்தான் அடியில் கிடந்த சவர் மேலே ஏறியிருக்கிறது.

சந்தோஷம் தாங்காமல் அடுத்த பஸ்ஸிலேயே பிறக்கிராசியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

“இதை ஒருதருக்கும் சொல்லாதேயும். மேல் தண்ணி நல்லம் எண்டால் வழக்கு எங்கை நிக்கும்? மற்றப் பக்கத்துக்கு நீர் வெத்திலை வைச்சுக் குடுக்கிற மாதிரி இருக்கும்.”

சொல்வதில்லை என்றுதான் திரும்பினேன். ஆனால் பிறக்கிராசியாரின் கடிதம் கிடைத்து, கொந்திராத்துக்காரர் கோபத்தோடு எங்கள் படலையைத் திறந்து வந்த அன்று, நான் கிணற்றடியில் அதே போத்தலோடுதான் நின்றேன்.

“உது என்ன?” என்றார்.

என்னால் மறைக்க முடியவில்லை. இறக்கிக் காட்டினேன். அவர் சண்டையை மறந்து கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு முழம், இரண்டு முழம் என்று வேறு வேறு ஆழத்தில் எடுத்து ஒவ்வொன்றையும் குடித்துப் பார்த்தார். மேலே நல்ல தண்ணீர். பழைய அடிமட்டத்தைத் தாண்டியதும் சவர். அவர் வெட்டிய அந்த மூன்றடியும் முழுக்கச் சவர்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டின்மேல் இருந்தார்.

“எங்கட பக்கத்திலை எத்தினையோ கிணறு வெட்டினனான், ரீச்சர். ஆழமாப் போனால் தண்ணி கூடும், அவ்வளவுதான் தெரியும். ஒண்டிலையும் குடிச்சுப் பாத்ததில்லை.”

மாமி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை கொந்திராத்துக்காரர் ஆட்களோடு வந்து தண்ணீரை இறைத்து, வெட்டிய இடத்தைக் கல்லாலும் களிமண்ணாலும் நிரப்பி இறுக்கினார். தானே உள்ளே இறங்கி மிதித்தார். நான் ஊர்காவற்றுறைக்குப் போய் வழக்கு வேண்டாம் என்றேன். பிறக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எதிராளியைக் கூப்பிட்டுச் சாட்சியத்தைக் கையிலை குடுத்தனீரோ?”

“ஓம்.”

“நல்ல காலம், அவர் பிறக்கிராசி இல்லை.”

அவரைவிட மாமிக்குத்தான் கோபம். நீதிமன்றத்தில் என்ன சொல்வது என்பதை அவர் வசனம் வசனமாக யோசித்து வைத்திருந்தார். நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் கிணற்றடிக்கு வந்து நின்றார்.

“அந்தப் போத்தலை நடுவிலை விட்டு ஒருக்கா எடு பிள்ளை. அது என்ன மாதிரி எண்டு பாப்பம்.”

கிணறு உடனே திருந்திவிடவில்லை. அந்தக் கோடை முழுவதும் குடிதண்ணீரை அடுத்த வளவிலிருந்து குடத்தில் சுமந்தோம். முதல் மாரிக்குப் பிறகு குளிக்கலாம் என்றானது. இரண்டாம் மாரி முடிந்த பிறகுதான், ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, இனிக் குடிக்கலாம் என்று மாமி ஒத்துக்கொண்டார்.